கேசட் கடையில் பிறந்த கேம் கம்பெனி

நான் வேலை பார்த்த கம்பெனியில் எதற்குக் குறை இருந்தாலும் வரலாற்றுக்குக் குறை இருக்கவில்லை. ஷார்ஜாவில் ஒரு தையல் கடைக்கு மேல் மாடியில், குடும்பம் குடியிருக்க வேண்டிய ஃபிளாட்டை ஆபீஸ் ஆக்கியிருந்தார்கள். ஹால் முழுவதும் சேர்மனுக்கு. படுக்கையறை எங்களுக்கு. அடுப்படியில் டீ கெட்டிலும் சர்வர் என்று அழைக்கப்பட்ட பழைய கம்ப்யூட்டரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டால் ஃபியூஸ் போய்விடும்.

சேர்மன் என்பது முதலாளி. மொத்த ஊழியர்களும் ஒரு டாக்ஸியில் அடங்கிவிடக்கூடிய இடத்துக்கு எதற்கு சேர்மன் என்று யாரும் கேட்டதில்லை. கோயம்புத்தூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர், மீசைக்குத் தவறாமல் சாயம் போடுகிறவர். இண்டர்வியூவில் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"கேம் ஆடப் பிடிக்குமாம்மா?"

"பிடிக்காது சார்."

"ரொம்ப நல்லது. பிடிச்சவங்க ஆடிக்கிட்டே இருப்பாங்க, வேலை நடக்காது."

அவர் சொல்லி நான் கேட்ட ஒரே புத்திசாலித்தனமான வார்த்தை அதுதான் என்று பிறகு எனக்குத் தெரிய வந்தது. அன்று தெரியவில்லை. எம்.சி.ஏ. படித்துவிட்டு, கணவரின் விசாவில் வந்து, மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஜன்னல் வழியாகத் தண்ணீர் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த வேலை பெரிய அதிர்ஷ்டமாகத் தோன்றியது.

கம்பெனியின் வரலாற்றை முதல் நாளே சொல்லிவிட்டார். வந்தவர் போனவர் எல்லோருக்கும் சொல்வார். ஏ.சி. ரிப்பேர் செய்ய வந்த பட்டாணியர், ஸ்டூல் மேல் நின்றபடி, முழுவதையும் கேட்டிருக்கிறார். கதை இதுதான். வீடுகளுக்கு கம்ப்யூட்டர் வந்த புதிதில், அதாவது கீபோர்டு மாதிரி ஒரு பெட்டியை டிவியில் சொருகி, பாட்டு கேசட் மாதிரி ஒரு கேசட்டை டேப் ரெக்கார்டரில் போட்டு, அது கீச்சுக் கீச்சென்று கத்தி முடிக்கும்வரை காத்திருந்து விளையாடிய அந்தக் காலத்தில், இந்த வளைகுடாவிலேயே முதன்முதலாக கேம் செய்து விற்றது இவர்தான். மூன்று கேம்கள். ஈச்சமரத்திலிருந்து விழும் பழங்களைக் கூடையில் பிடிப்பது ஒன்று. பாறைகளில் மோதாமல் தோணி ஓட்டுவது ஒன்று. ஒட்டகப் பந்தயம் ஒன்று. "நாங்க வெறும் கேம் பண்ணலை. இந்த மண்ணோட கலாச்சாரத்தைக் கம்ப்யூட்டர்ல ஏத்துனோம்," என்பார். அந்த மண்ணின் மொழியில் அவருக்கு 'யல்லா', 'ஹலாஸ்', 'மாஃபி', அதாவது கிளம்பு, முடிந்தது, இல்லை என்பவற்றுக்கு மேல் ஒரு சொல்லும் தெரியாது.

அந்தக் காலத்தில் அவர் நடத்தியது ஷார்ஜாவின் ரோலா கடைத்தெருப் பக்கம் ஒரு கேசட் கடை. தமிழ்ப் பாட்டு, இந்திப் பாட்டு, மலையாளப் பாட்டு எல்லாவற்றையும் மூலக் கேசட் ஒன்று வாங்கி, கடைக்குப் பின்னால் வரிசையாக வைத்திருந்த டேப் டெக்குகளில் நகல் எடுத்து விற்றார். கம்ப்யூட்டர் கேமும் கேசட்டில்தான் வருகிறது என்று தெரிந்த நாளில் அதையும் நகல் எடுத்து விற்றார். அந்த வருமானத்தில்தான் கம்பெனி பிறந்தது. இதை எந்தக் கூச்சமும் இல்லாமல், வியாபாரத் திறமைக்கு உதாரணமாக, அவரே சொல்லியிருக்கிறார். அதே மனிதர், நான் வேலை பார்த்த வருடங்களில், சந்துமுனையில் பையில் வைத்துத் திருட்டு சிடி விற்கும் பையன்களைக் கண்டால் காரை நிறுத்திக் கத்துவார். "இந்தத் திருட்டுப் பசங்களாலதான் நம்ம இண்டஸ்ட்ரியே அழிஞ்சுச்சு," என்பார்.

என்னை வேலைக்கு எடுத்தது அந்த மூன்று கேம்களில் ஒன்றுக்கு மறுபிறவி கொடுக்க. பழைய ஒட்டகப் பந்தயத்தைப் புதிய கம்ப்யூட்டர்களுக்கு, சிடியில், பாரம்பரியப் பதிப்பாகக் கொண்டுவர வேண்டும். புரோகிராம் என் வேலை. படம் வரைய திருச்சூர்க்காரர் ஒருவர் இருந்தார். நல்ல கைவண்ணம் உள்ளவர், ஒட்டகம் ஓடுவதைப் பார்த்ததில்லை. அல் ஐன் பக்கம் பந்தயத் திடல் இருக்கிறது, ஒரு வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று இருவரும் கேட்டோம்.

"எதுக்கு? ஒட்டகம்னா எல்லாருக்கும் தெரியும். நாலு காலு, ஒரு திமிலு. உங்க கற்பனையில ஓட்டுங்க."

கற்பனையில்தான் ஓட்டினோம். திருச்சூர்க்காரருக்குக் குதிரை நன்றாக வரும். அந்த ஓட்டத்தையே வைத்துக்கொண்டார்.

கம்பெனியின் கஃபீல், அதாவது லைசென்ஸ் தன் பெயரில் இருக்க அனுமதித்திருந்த உள்ளூர் எமிராத்தி, எப்போதாவது வந்து டீ குடித்துவிட்டுப் போகிற பெரியவர். அவருக்குச் சொந்தத்தில் ஒட்டகங்கள் இருந்தன என்பதை அவர் திரையைப் பார்த்துச் சிரித்த பிறகுதான் தெரிந்துகொண்டோம். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, கடைத்தெரு இந்தியில், ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

"பாய், யே ஊன்ட் நஹீ. கதா ஹை."

இது ஒட்டகமில்லை, கழுதை என்கிறார். சேர்மன் அவரோடு சேர்ந்து கொஞ்ச நேரம் சிரித்தார். பெரியவர் எழுந்து, ஒட்டகம் ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டையும் ஒன்றாக எடுத்து வைக்கும் என்பதைத் தன் கைகளால் காட்டினார். எனக்கும் திருச்சூர்க்காரருக்கும் புரிந்தது. அவர் போனதும் மாற்றிவிடலாம் என்றோம்.

"அவருக்கென்ன தெரியும் கேமைப் பத்தி," என்றார் சேர்மன். "ஒட்டகத்தை வேணா அவருக்குத் தெரியலாம்."

கேமை வீட்டுக்குக் கொண்டுபோய் மகளிடம் கொடுத்தேன். இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். ஒரு பந்தயம் ஓட்டினாள்.

"அம்மா, வாட் டூ ஐ டூ நவ்?"

"மறுபடியும் ஓட்டு."

"பட் ஐ ஆல்ரெடி வொன்."

 துபாயில் நடந்த கம்ப்யூட்டர் கண்காட்சியில் ஸ்டால் போட்டபோது அங்கு வந்த குழந்தைகளும் அப்படித்தான். ஒருமுறை ஓட்டுவார்கள், ஜெயிப்பார்கள், எதிர் ஸ்டாலில் சுழன்று சுழன்று ஓடும் ரேஸ் காரைப் பார்க்கப் போய்விடுவார்கள். சேர்மன் கோட்டு போட்டுக்கொண்டு, பெரியவர்களைப் பிடித்து நிறுத்தி, வரலாறு சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர்கள் இலவசப் பேனாவை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

அந்தக் கண்காட்சியில்தான் இங்கிலாந்துக்காரர் எங்களைக் கண்டுபிடித்தார். பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களைச் சேகரிக்கிறவர், அவற்றைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதுகிறவர். ஏதோ ஒரு நாட்டில், பழைய சாமான் சந்தையில், எங்கள் ஈச்சம்பழக் கேசட் ஒன்று அவர் கையில் கிடைத்திருக்கிறது. அதைச் செய்தவர் இதோ கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறார் என்று தெரிந்ததும் அவர் சேர்மனின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சேர்மனின் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய நாள் இருந்திருக்க முடியாது. ஆபீசுக்கு வரச் சொன்னார். என்னையும் கூட உட்காரச் சொன்னார். "டெக்னிக்கலா ஏதாவது கேட்டான்னா நீ பாத்துக்கோ."

நான் பிறக்கும்போது கேசட் கம்ப்யூட்டரே கிடையாது, அது வந்தபோது நான் பாவாடை சட்டையில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தேன், எனக்கென்ன தெரியும் என்று சொல்லிப் பார்த்தேன். அதையெல்லாம் அவர் காதில் வாங்கவில்லை.

வந்தவர் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு மிக நேரான கேள்விகளைக் கேட்டார். அவ்வளவு சின்ன மெமரியில் எப்படி அடக்கினீர்கள்?

"விஷன்," என்றார் சேர்மன்.

மரத்திலிருந்து பழங்கள் எப்போதும் இடப்பக்கமே முதலில் விழுகின்றன, பிறகு நடுவில், பிறகு மறுபடி இடப்பக்கம். ஒவ்வொரு முறையும் ஒரே வரிசை. அதற்கு ஏதாவது காரணம் உண்டா?

சேர்மன் என்னைப் பார்த்தார். நான் டீ கோப்பையைப் பார்த்தேன்.

"கலாச்சாரம்," என்றார்.

இங்கிலாந்துக்காரர் மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டார். வடமேற்கிலிருந்து அடிக்கும் பாலைக்காற்றைத்தான் அது குறிக்கிறது என்று தான் ஏற்கனவே ஒரு கட்டுரையில் எழுதியிருப்பதாகவும், ஊகம் சரியாகப் போனது ஆச்சரியம் என்றும் சொன்னார். இரண்டு பேரில் யார் பெரிய ஆள் என்று எனக்கு அந்த நிமிடம் சந்தேகம் வந்துவிட்டது.

அப்போதுதான் மேடம் வந்தார். சேர்மனின் மனைவி. பழைய கம்ப்யூட்டரும் கேசட்டுகளும் அவர்கள் வீட்டில், பரண் மாதிரி இருந்த அலமாரியில் கிடந்தன. அவற்றைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் சேர்மன். மேடத்தை நான் அதற்கு முன் பார்த்தது பண்டிகை நாட்களில் மட்டும். உயரமான பெண், கணிதத்தில் பட்டம் வாங்கியவர், யாரோடும் அதிகம் பேசாதவர். பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்பப் போனார். இங்கிலாந்துக்காரர் மரியாதைக்காக அதே கேள்வியை அவரிடமும் கேட்டு வைத்தார், பாலைக்காற்று விளக்கத்தோடு.

மேடம் திரும்பி நின்றார். பிறகு அழுத்தமான, தெளிவான ஆங்கிலத்தில் சொன்னார்.

"காற்று எல்லாம் இல்லை. அந்த மெஷினில் ரேண்டம் என்று ஒரு கமாண்ட் இருந்தது. இஷ்டத்துக்கு ஒரு எண்ணைக் கொடுக்கும். அப்போது எனக்கு அது தெரியாது. அதனால் வரிசையை நானே எழுதி வைத்தேன். மூன்று தடவை ஆடினால் கண்ணை மூடிக்கொண்டே ஜெயிக்கலாம்."



"நீங்கள் எழுதினீர்களா?" என்று கேட்டார் வந்தவர்.

"டைப் பண்ணிக் குடுத்தா," என்று சேர்மன் அவசரமாகத் தமிழில் என்னிடம் சொன்னார், நான் மொழிபெயர்க்க வேண்டும் என்பதுபோல.

"ஆமா, டைப்புத்தான் பண்ணுனேன்," என்றார் மேடம், அவரும் தமிழில். பிறகு ஆங்கிலத்துக்குத் திரும்பினார். மூன்றையும் தான்தான் எழுதியதாகச் சொன்னார். தோணி கேமில் பாறைகள் என்று அட்டையில் போட்டிருப்பவை வெறும் நட்சத்திரக் குறிகள். ஒட்டகப் பந்தயம் ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் அச்சாகி வந்த குதிரைப் பந்தயம், குதிரையின் முதுகில் இரண்டு கட்டம் கூட்டியதும் ஒட்டகமாகிவிட்டது. பாட்டை அழித்த கேசட்டுகளிலேயே கேமையும் பதிந்து கொடுத்ததால் முடிவில் பழைய பாட்டு ஒட்டிக்கொண்டிருக்கும், அது வந்தவுடன் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணிவிடும். வாங்கியவர்களில் நிறையப் பேர் கடைக்கே திருப்பிக் கொண்டுவந்தார்கள். திரும்பி வந்த கேசட்டுகளில் மறுபடி பாட்டுப் பதிந்து விற்றாயிற்று. அதனால்தான் இன்று ஒன்றும் கிடைப்பதில்லை, அபூர்வமானது என்பதால் இல்லை.

சேர்மனின் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இடிந்துபோவார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் ஆசைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அவர் இங்கிலாந்துக்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் இருந்தது ஏமாற்றம் இல்லை, பரவசம். வளைகுடாவின் முதல் கேமை எழுதியவர் ஒரு பெண். இத்தனை வருடமாக மறைக்கப்பட்ட பெண். அதைக் கண்டுகொண்ட சேர்மன் உட்கார்ந்த நாற்காலியிலேயே கட்சி மாறினார்.

"நான் எப்பவும் சொல்வேன்," என்றார் ஆங்கிலத்தில். "என் மனைவிதான் ஜீனியஸ்."

வந்தவர் மேடத்தின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். உங்கள் பெயரை ஏன் போடவிடவில்லை? பெண் என்பதாலா?

"யாரும் தடுக்கவில்லை," என்றார் மேடம். "கேம் நன்றாக இருந்திருந்தால் நானே பெயர் போட்டிருப்பேன்."

"ஏன் நிறுத்திவிட்டீர்கள்?"

"சலித்துவிட்டது."

இங்கிலாந்துக்காரரின் பேனா நகரவில்லை. அந்தப் பதிலை அவரால் எதிலும் பொருத்த முடியவில்லை.

அவர் சேர்மனோடு பேசிக்கொண்டிருந்தபோது மேடம் அடுப்படிக்கு வந்தார். சர்வரை நிறுத்திவிட்டு டீ போட்டுக் கொடுத்தேன். நான் அதே கேள்வியைத் தமிழில் கேட்டேன், நிஜமாகவே சலித்துப்போய்த்தான் விட்டீர்களா என்று. கோப்பையை வாங்கிக்கொண்டு நின்றபடியே சொன்னார்.

"நல்லதா ஒண்ணு பண்ணோணும்னு இருந்துச்சு கண்ணு. ஆடுபுலி ஆட்டம். நாம ஆடு, மெஷினு புலி. பேப்பர்ல எல்லாம் போட்டு வச்சுட்டேன். ஆனா புலி தோத்துக்கிட்டே இருந்துச்சு. எங்கியோ கணக்கு தப்பு. இன்னுங் கொஞ்ச நாளு குடுங்க, கண்டுபுடிச்சுருவேன்னு அவருகிட்டக் கேட்டேன்."

"சார் என்ன சொன்னாங்க?"

"அரபுக்காரங்ககிட்டப் புலிக்கு மார்க்கெட் இல்லைன்னாரு."

சிரிப்பதா என்று தெரியாமல் நின்றேன். அவர் சிரிக்கவில்லை.

"அதுக்கப்புறம் பெரியவனுக்கு அம்மை போட்டுச்சு. அவன் எந்திரிச்சு நடமாடறப்ப எனக்கு அந்தப் பெட்டியைத் தொடவே புடிக்கலை. அவ்வளவுதான்."

"அதை அந்த இங்கிலாந்துக்காரர்கிட்டச் சொல்லியிருக்கலாமே மேடம்."

"சொன்னா அதையும் போட்டோ புடிச்சுப் போடுவான்," என்றார். டீயைக் குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

கட்டுரை வந்தது. பாலைவனத்தின் மறக்கப்பட்ட மேதை என்ற பொருளில் தலைப்பு. மேடம் ஜன்னலோரம் கேசட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தூரத்தைப் பார்ப்பதுபோலப் படம். அந்த ஜன்னலுக்கு வெளியே இருந்தது எதிர்க் கட்டடத்தின் ஏ.சி. பெட்டிகள். அவர் சொன்ன எதையும் கட்டுரை மறுக்கவில்லை. எல்லாவற்றையும் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், ஒடுக்கப்பட்ட திறமை தன்னையே குறைத்து மதிப்பிடும் என்று விளக்கமும் போட்டிருந்தது. பாலைக்காற்றையும் விடவில்லை. எழுதியவர் அறியாமலே மண்ணின் காற்று அந்த விளையாட்டில் வீசியிருக்கிறதாம்.

சேர்மன் அதைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினார். வரலாறு அன்றே திருத்தப்பட்டது. இப்போது ஏ.சி. ரிப்பேர்காரருக்குக் கிடைத்த கதையில், மனைவியின் திறமையை உலகமே அறியாத காலத்தில் கண்டுகொண்ட ஒரு கணவர் வந்தார்.

அடுத்து துபாயில் தமிழர் அமைப்பு ஒன்று பாராட்டு விழா வைத்தது. பொன்னாடை, ஷீல்டு, வடை, கேசரி. சேர்மன் மேடையில் நீளமாகப் பேசினார். பெண்ணுக்குப் பின்னால் ஆண் இருக்கிறான் என்று அவர் சொன்னபோது முன்வரிசையில் ஆண்கள் கைதட்டினார்கள். பிறகு மேடத்திடம் மைக்கைக் கொடுத்தார்கள்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க," என்றார். "அந்த மூணு கேமும் நல்லா இருக்காது. நான்தான் எழுதுனேன், எனக்குத் தெரியும். ஒண்ணு காப்பி. ஒண்ணுல மூளையே இல்லை. இன்னொண்ணு ஓடாது. காசு குடுத்து வாங்குன குழந்தைங்க பாவம். இதுக்குப் போயி சால்வை போட்டுட்டீங்க. கேசரி நல்லா இருந்துச்சு. நன்றிங்க."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. என் பக்கத்தில் இருந்த வங்கி அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எவ்வளவு பணிவு பாருங்க," என்றார் என்னிடம். அவருக்குப் பின்னால் இருந்தவர், பெரிய மனுஷங்க இப்படித்தான் என்றார்.

திரும்பும்போது காரில் நான் பின்சீட்டில் மேடத்தோடு இருந்தேன். ஷார்ஜா எல்லையில் வழக்கமான நெரிசல், வண்டிகள் நகரவில்லை. முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் சேர்மன் ஷீல்டை மடியில் வைத்துக்கொண்டு யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார்.

"நெசத்தைச் சொன்னாலும் கைதட்டறாங்க," என்றார் மேடம் ஜன்னல் பக்கம் பார்த்தபடி. "இனி என்னத்தைச் சொல்றது."

புகழ் வந்தது, ஒட்டகம் விற்கவில்லை. சிடி பெட்டிகள் ஹாலில் சுவரோரம் அடுக்கடுக்காக நின்றன, அவற்றின் மேல் துணி விரித்து விருந்தாளிகளுக்கு பிஸ்கட் தட்டு வைத்தோம். திருச்சூர்க்காரர் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட்டார். போவதற்கு முன் தன் காசில் அல் ஐன் போய்ப் பந்தயம் பார்த்துவிட்டு வந்தார். "அந்தக் கஃபீல் கெழவன் சொன்னது சரியாணு கேட்டோ," என்று மட்டும் மலையாளம் கலந்து சொன்னார்.

அதன் பிறகு சேர்மனுக்கு ஒரு புதிய யோசனை வந்தது. லேபர் கேம்ப்களில், அதாவது கம்பெனி விடுதிகளில், தொழிலாளிகளின் விரல்ரேகையைப் பதிந்து வருகை எடுக்கும் மெஷின்கள் அப்போது பரவிக்கொண்டிருந்தன. மெஷினை வெளியே வாங்கி, புரோகிராமை நாம் எழுதி, கம்பெனிகளுக்கு விற்கலாம். கேம் எழுதிய கைக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்றார். எழுதினேன். ஒட்டகத்தைவிட ஒழுங்காகவே எழுதினேன், ஏனென்றால் இதை யாரோ தினமும் பயன்படுத்தப் போகிறார்கள் என்று தெரிந்தது.

முதல் மெஷின் அல் ஐனுக்குப் பக்கத்தில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் கேம்பில் வைக்கப்பட்டது. சில நாட்களில் புகார் வந்தது. நான்தான் போனேன். காலையில் டூட்டிக்குக் கிளம்பும் நேரம். பஸ்கள் இன்ஜின் ஓடியபடி நிற்கின்றன. மெஷினுக்கு முன் நீண்ட வரிசை. பாதிப் பேருக்குச் சிவப்பு விளக்கு. விரலை வைக்கிறார்கள், துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார்கள், வேறு விரலை வைக்கிறார்கள், சிவப்பு. மெஷின் ஏற்றுக்கொள்ளாதவர்கள் அன்று வேலைக்கு வராதவர்கள் என்று புரோகிராம் எழுதிக்கொள்ளும். நான் அப்படித்தான் எழுதியிருந்தேன், அப்படித்தான் கேட்டிருந்தார்கள்.

சேலையில் நான் வந்து நிற்பதைப் பார்த்து வரிசை கொஞ்சம் ஒதுங்கியது. ராமநாதபுரத்துப் பேச்சு காதில் விழுந்தது. நாற்பது வயதிருக்கும் ஒருவர் தன் கையை என் முன்னால் விரித்துக் காட்டினார்.

"யம்மா, வெரல்ல ரேகை இருந்தாத்தானே மெஷினு எடுக்கும். சிமிண்டு தின்னுப்புட்டுல்ல போயிருச்சு."

விரல் நுனிகள் வழவழவென்று, வெள்ளையாக, தேய்ந்த சோப்பு மாதிரி இருந்தன. பக்கத்தில் இருந்தவரும் கையைக் காட்டினார். அவருக்குப் பின்னால் இருந்தவரும். நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். 

சேர்மனுக்குப் போன் செய்தேன்.

"கையக் கழுவீட்டு வைக்கச் சொல்லும்மா," என்றார்.

"கழுவிட்டுத்தான் சார் வச்சாங்க. ரேகையே இல்லை. தேஞ்சு போச்சு."

"தேங்காண்ணெய் தடவச் சொல்லு. எல்லாம் கிரிப் வந்துரும்."

"எண்ணெய் தடவினா ரேகை முளைக்காது சார்."

"கஸ்டமருக்கு முன்னாடி மெஷினைக் குறை சொல்லாத. அவனுக விரலு சரியில்லை, அவ்வளவுதான். நம்ம சிஸ்டத்துல ஒரு தப்பும் இல்லை."

போனை வைத்துவிட்டேன். லேப்டாப்பைக் கேம்பின் சாப்பாட்டு மேசையில் வைத்து உட்கார்ந்தேன். விரல் எடுக்காதவர்கள் தங்கள் லேபர் கார்டு எண்ணை அழுத்தினால் போதும், வந்ததாகப் பதிந்துகொள்ளும்படி மாற்றினேன். கடினமான வேலை இல்லை. முதலிலேயே செய்திருக்க வேண்டியது என்று தோன்றியது. மாற்றி முடித்ததும் ஃபோர்மேனிடம் எப்படி என்று காட்டினேன். அவர் பஞ்சாபி. பார்த்துவிட்டு, "அச்சா, டீக் ஹை," என்றார். வரிசை நகர ஆரம்பித்தது. பஸ்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. கையைக் காட்டியவர் ஜன்னல் வழியாகத் தலையை ஆட்டினாரா, தூக்கக் கலக்கமா, தெரியவில்லை.

ஆபீசுக்குத் திரும்பியபோது சேர்மன் எழுந்து நின்றுகொண்டிருந்தார். ஒருவன் எண்ணை இன்னொருவன் அழுத்தலாமே, ஏமாற்று வேலைக்கே இடமில்லை என்று எழுத்தில் கொடுத்துத்தானே மெஷினை விற்றோம், யாரைக் கேட்டு மாற்றினாய் என்றார்.

"யாரையும் கேட்கலை சார்."

"திருப்பிப் பழையபடி மாத்து."

"மாட்டேன் சார்."

அவருக்கு அந்தச் சொல் பழக்கமில்லை. ரொம்ப நேரம் பேசினார். நன்றி கெட்டதனம் பற்றி, டிசிப்ளின் பற்றி, இந்த வளைகுடாவின் முதல் கேம் கம்பெனியில் வேலை பார்க்கும் பெருமை பற்றி. நான் என் கோப்பையையும் மகளின் போட்டோவையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அவர் பேச்சு முடிவதற்கு முன்பே பை நிரம்பிவிட்டது. அவ்வளவுதான் என் சாமான்.

வீட்டுக்குப் போய் மேடத்துக்குப் போன் செய்தேன். அவர் கணவர் மூலம் கேட்பதைவிட என் வாயால் கேட்பது நல்லது என்று பட்டது. கேம்பில் நடந்ததைச் சொன்னேன், சேர்மன் சொன்னதைச் சொன்னேன், தேங்காய் எண்ணெயையும் விடவில்லை.  

"நீ பண்ணுனது சரி," என்றார் மேடம். "வேற வேலை தேடிக்கோ. அவரை நான் பாத்துக்கறேன்."

அவர் என்ன பார்த்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் மாற்றத்தை யாரும் திருப்பவில்லை என்று பிறகு ஃபோர்மேனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான் அஜ்மானில் ஒரு பள்ளியின் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்தேன். அடுத்த வருடம் தையல் கடைக்கு பிளவுஸ் கொடுக்கப் போனபோது மேலே ஃபிளாட்டில் ஒரு குடும்பம் குடிவந்திருந்தது. பால்கனிக் கொடியில் சின்னச் சின்னச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. கம்பெனி எங்கே என்று தையல்காரரிடம் கேட்டேன்.

"எந்தக் கம்பெனி?" என்றார் அவர், வாயில் ஊசியைக் கடித்தபடி.